பேதுருவால் மறுதலிக்காமல் இருந்திருக்க முடியுமா?

வணக்கம். சேவல் கூவுமுன் மூன்று தரம் என்னை மறுதலிப்பாய், அதாவது என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு தன் சீடர் பேதுருவிடம் சொல்லிவிட்டார். கடவுளின் வாக்கு பொய்க்காது என்றால் பேதுரு மறுதலித்தே ஆகவேண்டும். அப்புறம் அது எப்படி அவர் குற்றமாகும்? சபையில் கேட்டால், 'விசுவாசி, ஆராயாதே' என்கிறார்கள்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக ஆராயுங்கள். இதே கேள்வியை 2-ஆம் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற கிரேக்கர் கிறிஸ்தவர்களைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் கடவுள் சொல்லிவிட்டார், சொன்னது நடந்தாகவேண்டும், அப்படியானால் சீடர்களைத் தவறு செய்ய வைத்தவர் அவர்தானே? அடுத்த நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் பதில் எழுதினார். முன்னறிவித்ததால் ஒன்று நடப்பதில்லை, நடக்கப்போவதால்தான் அது முன்னறிவிக்கப்படுகிறது என்பது அவர் வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது.

கடவுள் காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கிறார், பார்ப்பது கட்டாயப்படுத்துவது ஆகாது என்று பின்னால் வந்த தத்துவவாதி போயத்தியஸ் சொன்னது அழகான விளக்கம்தான். ஆனால் உங்கள் கேள்விக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் இங்கே வெறும் பார்வை இல்லை, வார்த்தை வாயிலிருந்து வந்து பேதுருவின் காதிலும் விழுந்துவிட்டது. 1965-இல் நெல்சன் பைக் என்ற தத்துவவாதி கடவுளின் அறிவைப் பற்றி எழுப்பிய சிக்கலும் இந்த வகைதான்: கடவுள் நேற்றே அறிந்திருந்தது இனி மாறாத கடந்தகாலம், இன்று நான் வேறு மாதிரி நடந்தால் அந்தக் கடந்தகாலத்தை மாற்றியதாகிவிடாதா?

ஆகாது என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றிரவு பேதுரு வாய்மூடி இருந்திருந்தால் இயேசு சொன்னது பொய்த்திருக்காது, அவர் அதைச் சொல்லியே இருக்கமாட்டார். நடந்ததை மாற்றுவது வேறு, ஆரம்பத்திலேயே வேறொன்று நடந்திருக்கும் என்பது வேறு. பேதுருவின் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நீயும் இயேசுவோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்டாள், பயந்துபோய் அவரைத் தெரியாது என்றார். அந்தப் பயம் அவருடையது, அதனால்தான் சேவல் கூவியபின் அவர் அழுத அழுகையும் அவருடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு பேதுருவிடம் மறுதலிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். யாருடைய மனமும் எந்தப் பக்கமும் அசையமுடியாதபடி எல்லாம் பூட்டப்பட்டிருந்தால் அந்த வேண்டுதலுக்கு அங்கே என்ன வேலை?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் விஷயம் இதைவிடக் கடினம். அவன் பெயரைச் சொல்லி அப்படியொரு வேண்டுதல் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை, என் மனம் இன்னும் ஆறாத இடம் அதுதான்.