மலைக்கு டிஃபரன்ஷியல், சமவெளிக்கு ஐந்தாவது கியர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குத் தேயிலையும் மலைக்காய்கறியும் உண்டு. டர்போ இல்லாத பழைய டீசல் பிக்கப்பில் டிரெய்லரைக் கட்டி, கேரட்டையும் முட்டைக்கோஸையும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறோம்; திரும்பும்போது உரமும் மாட்டுத் தீவனமும் ஏற்றி வருகிறோம். வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 3,200 கிலோ. இன்ஜினின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 150 நியூட்டன் மீட்டர். நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 3.78, இரண்டாவது 2.20, நான்காவது நேர் கியர் (1.00). பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் விகிதம் 3.73 (கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று). மேலே வர வர இரண்டாவது கியரில் வண்டி இழுக்க மறுக்கிறது. முதல் கியரில் போட்டால் இன்ஜின் அலறுகிறது. ஐந்து கியர் பெட்டி மாட்டலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். டிஃபரன்ஷியலை 4.10 ஆக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டு யோசனைகளிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் வண்டிக்கு 4.10 போதாது, ஐந்து கியர் பெட்டி மட்டும் போட்டால் ஏற்றத்தில் எந்தப் பயனும் இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பணம் செலவழிக்கும் முன் நீங்களே உங்கள் எண்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தை அளவுகோலாகக் கொள்வோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற சரிவு ஏறக்குறைய அதுதான். சாலையின் சராசரிச் சரிவு அதைவிடக் குறைவு என்றாலும், வண்டியைத் திணறடிப்பவை சராசரி இடங்கள் அல்ல. அந்தச் சரிவில் 3,200 கிலோவைப் பின்னுக்கு இழுக்கும் விசை 267 கிலோ எடைக்குச் சமம். டயர் உருள்வதற்கான தடைக்கு இன்னொரு 48 கிலோ சேர்த்தால் 315 கிலோ. டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், இதைச் சமாளிக்கப் பின்சக்கரங்களுக்கு 1,080 நியூட்டன் மீட்டர் டார்க் போய்ச் சேர வேண்டும். இன்ஜின் தரும் 150-இல் கியர்களின் உராய்வுக்குப் போக 132 மிஞ்சும் என்று வைத்து, 1,080-ஐ அதனால் வகுத்தால் 8.2 வருகிறது; கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து டார்க்கை இத்தனை மடங்காக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கியரான 2.20-ஐ 3.73-ஆல் பெருக்கினாலும் அதே 8.2தான் வருகிறது. அதாவது, மலையடிவாரத்திலேயே இன்ஜின் தன் முழுப் பலத்தையும் கொடுத்தால்தான் வண்டி நகரும். கையிருப்பு என்று எதுவுமே இல்லை.

இனி உயரத்தைக் கவனியுங்கள். காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் பலத்தை இழக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 132 என்பது 108 ஆகிவிடும்; தேவையான விகிதமோ 10 ஆக உயர்ந்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் “மேலே வர வர” என்ற நோவுக்குக் காரணம் இதுவே. டீசல் பம்ப்பையும் நாசிலையும் குறை சொல்லி மீண்டும் மீண்டும் செலவு செய்ய வேண்டாம். 4.10 போட்டால் இரண்டாவது கியரில் கிடைப்பது 9.0, இன்னும் போதவில்லை. 4.88 போட்டால் 10.7 கிடைக்கும், அது போதும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்து, 8 அடிக்கு 1 அடி ஏறும் இடத்தில் நின்று மீண்டும் கிளம்ப நேர்ந்தால் 14.2 தேவைப்படும். இப்போது உங்கள் முதல் கியரில் இருப்பது 14.1. கிளட்ச் கருகும் வாசம் வருவது அந்த இடத்தில்தான். 4.88-இல் அதுவே 18.4 ஆகி, கிளட்சை அரைக்காமல் வண்டி கிளம்பும்.

ஆகவே என் தீர்ப்பு 4.88. கூலியும் வேலையும் 4.10-க்கும் இதற்கும் ஒன்றே என்னும்போது, 10 சதவீத ஆதாயத்துக்காக டிஃபரன்ஷியலின் உறையான ஹவுசிங்கைத் திறப்பது வீண்.

ஐந்து கியர் பெட்டிக்கு வருவோம். பெரும்பாலான ஐந்து கியர் பெட்டிகளில் முதல் நான்கு விகிதங்கள் பழைய பெட்டியை ஒட்டியே இருக்கும். கூடுதலாக வருவது 0.85 போன்ற ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) மட்டுமே. அது மலையில் உதவாது. ஆனால் 4.88 போட்ட பிறகு அதன் அருமை தெரியும். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கியரில் உங்கள் இன்ஜின் இப்போது நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்றில் ஓடுகிறது, 4.88-இல் அது 2,220 ஆகும். டீசலும் கூடுதலாகப் போகும். ஐந்தாவது கியர் 0.85 இருந்தால் 1,890-க்கு இறங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து அடிக்கடி கோயம்புத்தூர் வரை போகிறவராக இருந்தால் அந்தப் பெட்டிக்குச் செலவிடலாம். மண்டியோடு திரும்புகிறவருக்கு அவசரமில்லை. வாங்கினால், முதல் கியரின் எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். முதல் கியர் 6-க்கு மேல் இருந்து அடுத்தது 3-க்குத் தாவினால், கியர் மாற்றும் நொடியில் சுற்று பாதியாகி, ஏற்றத்தில் பாரத்தோடு இன்ஜின் விழுந்துவிடும்.

இவ்வளவும் ஏறுவதைப் பற்றியது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இறக்கம்தான். காய்கறிப் பாரம் இறங்கும்போதல்லவா இருக்கிறது! 3,200 கிலோ 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை உருளும் தடை விழுங்கினாலும், மீதியைக் கொண்டு சுமார் நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்த வெப்பம் முழுவதும் பிரேக் டிரம்மில் இறங்கினால் லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்து பிரேக் மிதி தரையோடு போய் நிற்கும். 4.88 இங்கேயும் துணை செய்கிறது: அதே இரண்டாவது கியரில், அதே வேகத்தில், இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை 30 சதவீதம் கூடுகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுமார் 2,000 சுற்றில் இருக்கும்; அது பாதுகாப்பான அளவு. ஒன்றை மறக்கவே கூடாது: சக்கரம் இன்ஜினைச் சுழற்றும்போது டீசல் பம்ப்பில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. வேகம் ஏறிய பிறகு கீழ் கியரைத் தேடாமல், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடுங்கள். டிரெய்லருக்கு என்று தனி பிரேக் இல்லையென்றால், டிஃபரன்ஷியலைத் தொடும் முன் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். டிஃபரன்ஷியலின் விகிதத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றுவதால் வண்டி இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட உயர்வதில்லை. மாற்றங்கள் குறித்து 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு விடும் முன் இப்போதிருக்கும் விகிதம் 3.73தானா என்று பார்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரிலும் புரொபெல்லர் ஷாஃப்ட்டிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 3.73, நான்கைச் சற்றே தாண்டினால் 4.10, ஐந்தை நெருங்கிச் சிறிது முன்னால் நின்றால் 4.88. சந்தேகம் தீராவிட்டால் மூடியைத் திறந்து பல்லை எண்ணலாம்: 41-க்கு 11, 41-க்கு 10, 39-க்கு 8.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாகத் தேய்த்துச் சேர்க்கப்படுபவை. ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் வாங்கிப் பொருத்தினால் ஊளையிடும், விரைவில் உடையும். சில அச்சுகளில் விகிதம் இவ்வளவு மாறும்போது உள்ளே கிரவுனைத் தாங்கும் கேரியரும் மாற வேண்டியிருக்கும். அப்படியானால் நல்ல நிலையில் உள்ள முழு ஹவுசிங்கையே வாங்கிவிடுவது மேல். எட்டுப் பல் பினியன் பதினொரு பல் பினியனைவிட மெலிந்தது என்பதால், கிளட்சைச் சட்டென விட்டுக் கிளப்பும் பழக்கம் இனி ஆகாது. ஸ்பீடோமீட்டர் உண்மையான 40-ஐ 52 என்று காட்டும். அதன் சிறு கியரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது வில்லிஸ் வழி வந்த மூன்று கியர் பழைய ஜீப். லோ ரேஞ்ச் (எல்லா கியரையும் மேலும் தாழ்த்தும் துணை கியர்) இருக்கும்போது பாரம் இழுக்க டிஃபரன்ஷியலைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்?
– வாசகர், குன்னூர்

பதில்: அந்த ரக ஜீப்பில் முதல் கியர் 2.80 மட்டுமே, அந்தக் குறையை ஈடுகட்டவே பின் அச்சுக்கு 5.38 கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் 15 வருகிறது. யாராவது “ஸ்பீடு வரும்” என்று சொல்லி அதை 4.27 ஆக்க முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். லோ ரேஞ்ச் அந்த 15-ஐ ஏறக்குறைய இரண்டரை மடங்காக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அது சேற்றுக்கும் எஸ்டேட் மண்பாதைக்கும் உரியது. லோ ரேஞ்ச் போட்டால் முன் அச்சும் சேர்ந்தே இயங்கும்; காய்ந்த தார்ச்சாலையில் அப்படி ஓட்டும்போது, கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால், இடையிலுள்ள ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, பலவீனமான பாகம் எதுவோ அது உடையும். என்றாவது விகிதத்தை மாற்றினால் முன்னும் பின்னும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

கேள்வி: பிக்கப்பில் 4.10 போட்ட பிறகு, கம்பீரமாக இருக்கட்டும் என்று 10 சதவீதம் பெரிய டயர் மாட்டினேன். டிரெய்லர் கட்டினால் இழுவை பழையபடியே இருக்கிறது. ஏன்?
– வாசகர், கூடலூர்

பதில்: 4.10-ஐ 1.10-ஆல் வகுத்தால் 3.73. மாற்றுவதற்கு முன் உங்கள் வண்டியில் இருந்தது 3.73 என்றால், கிரவுன் பினியனுக்குக் கொடுத்த பணம் முழுவதையும் டயர் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய அளவு டயரையே மாட்டுங்கள்.