டிக் அடிப்பதற்கு முன்

கேள்வி: சி.ஏ. ஃபைனல் முடித்துவிட்டேன். சி.ஏ. படிப்போடு செய்ய வேண்டிய பயிற்சியான ஆர்ட்டிகல்ஷிப் எங்கள் ஊரிலேயே ஒரு ஆடிட்டரிடம், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் டாக்ஸ் ஆடிட்டும்தான் அதிகம் பார்த்தேன். இப்போது கையில் இரண்டு ஆஃபர். சென்னையில் ஒரு பெரிய ஆடிட் ஃபர்மில் வருடம் 9 லட்சம். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 13 லட்சம். ஆடிட் கடைசியில் டிக் அடிக்கிற வேலைதானே? கம்பெனி என்றால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். பத்து வருடம் கழித்து வேண்டுமானால் சொந்தமாக பிராக்டீஸ் ஆரம்பித்துக்கொள்ளலாம். "பொண்ணு ஊர் ஊரா ஆடிட்டுக்கு அலைய வேண்டாம்" என்கிறார் அப்பா. நான் கம்பெனிக்குப் போவது சரிதானே?
- வாசகி, விருதுநகர்

பதில்: கம்பெனிக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் ஐந்து காரணங்களில் பணம் ஒன்றுதான் நிற்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அந்த டிக். பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஒன்றரை வருடம் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தவன் நான். ஒரு மார்ச் 31 இரவு, நூற்பாலை ஒன்றில் பஞ்சு பேல் எண்ண அனுப்பினார்கள். குடோனில் அகலத்துக்கு 12, ஆழத்துக்கு 10, உயரத்துக்கு 6 என்று அடுக்கியிருந்தது. பெருக்கினேன், 720. புத்தகத்திலும் 720. டிக் அடித்துவிட்டேன். கூட வந்த சீனியர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்கின் மேலே ஏறினார். நாலு அடி நடந்தவர் அப்படியே நின்றார். என்னையும் மேலே கூப்பிட்டார். நடுவில் கிணறு மாதிரி பள்ளம்! சுற்றிலும்தான் பேல், உள்ளே வெறும் தரை. அந்தப் பேல்களின் பேரில் வங்கி கடன் கொடுத்திருந்தது. "ஏறிப் பார்த்துட்டு டிக் அடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடத்துக்குப் பிறகும், யாராவது ஒரு கணக்கை நீட்டினால் எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வரும்.

இதையே பெரிய அளவில் நாடு பார்த்தது. 2009 ஜனவரி 7-ம் தேதி ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்த பேலன்ஸ் ஷீட்டுகளிலும் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த பத்துப் பேரில் இரண்டு பேர் ஆடிட்டர்கள். வங்கி இருப்பைக் கம்பெனி கொடுக்கும் காகிதத்தை நம்பி எழுதாமல், வங்கியிடமே நேராகக் கேட்டு வாங்குவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. டிக் அடிப்பது சின்ன வேலை என்று நினைத்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நீங்கள் பார்த்தது ரிட்டர்னும் படிவமும். ஆடிட்டை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காத வேலையை வேண்டாம் என்கிறீர்கள்.

ஆறு மணி விஷயம். மாதக் கடைசியிலும் வருடக் கடைசியிலும் எந்தக் கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவும் ஆறு மணிக்குப் பூட்டுவதில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கை வெளியிட்டாக வேண்டும், வருடக் கணக்குக்கு 60 நாள். அந்த நாட்களில் ஓசூரிலும் ராத்திரிச் சாப்பாடு ஆபீஸில்தான்.

கம்பெனி வேலையின் உண்மையான ருசி வேறு இடத்தில் இருக்கிறது. அதை நீங்கள் எழுதவே இல்லை. ஒரு உதிரிபாகத்தின் அடக்கவிலை போன மாதத்தைவிட ஏன் மூன்று ரூபாய் ஏறியது என்று கண்டுபிடிக்க உற்பத்தி நடக்கும் ஷாப் ஃப்ளோருக்கே போய் நிற்பது, ஸ்கிராப் எவ்வளவு, மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்று சூப்பர்வைசரிடம் கேட்பது, நீங்கள் சொன்ன யோசனை அடுத்த வருட லாபத்தில் தெரிவது. ஆடிட்டருக்கு இது கிடைக்காது. கையெழுத்துப் போட்டதும் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். இதற்காக ஓசூர் போகிறேன் என்று எழுதியிருந்தால் 'உடனே கிளம்புங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் புதிதாகச் சேருகிறவரை இரண்டு வருடம் சப்ளையர் பேமென்டிலேயே உட்கார வைக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. என்ன வேலை தருவார்கள் என்று கேட்டீர்களா?

பத்து வருடம் கழித்து பிராக்டீஸ் என்கிறீர்கள். சம்பள வேலையில் இருந்துகொண்டு ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு முழுநேர பிராக்டீஸ் சான்றிதழ் வேண்டும். அதாவது ஒரு நாள் சம்பளத்தை மொத்தமாக விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். வாடிக்கையாளர்களைத் தேடி இஷ்டத்துக்கு விளம்பரம் கொடுக்கவும் முடியாது; 1949-ம் வருடச் சி.ஏ. சட்டம் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வாய்ச்சொல்லால்தான் ஆட்கள் வருவார்கள். பத்து வருடம் ஒரே கம்பெனிக்குள் இருந்தவரை வெளியே யாருக்குத் தெரியும்? செய்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆடிட்டிலிருந்து கம்பெனிக்குப் போவது இறக்கத்தில் சைக்கிள் விடுவது மாதிரி. திரும்பி வருவது மேட்டில் மிதிப்பது. இந்த வயதில் எதை முதலில் செய்வது என்று யோசியுங்கள்.

அப்பாவுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்: ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போன சென்னைப் பெண். 1933-லேயே கணக்காளர் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் என்று பெயர் எடுத்தவர். சிறை சென்றவர் என்பதால் பதிவுக்கு வந்த தடையை எதிர்த்துப் போராடி, பிறகு சொந்தமாகத் தொழில் நடத்தினார். அந்தக் காலத்தில் அவரால் முடிந்தது இன்றைக்கு உங்களால் முடியாதா? அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. ராத்திரி எங்கே தங்குவாள் என்றுதான் அவர் கேட்கிறார். அதற்கான பதிலை ஃபர்மிடமே கேட்டு வாங்கி அவரிடம் காட்டுங்கள்.

இனி பணம். வருடத்துக்கு 4 லட்சம் வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. வீட்டில் கடன் இருந்தாலோ, தம்பி தங்கை ஃபீஸ் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தாலோ, நான் மேலே சொன்ன எதையும் பொருட்படுத்தாமல் ஓசூர் போங்கள். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். அடக்கவிலைப் பிரிவுக்கு எப்போது மாற்றுவார்கள் என்று மட்டும் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அப்படி நெருக்கடி இல்லையென்றால் சென்னை. மூன்று வருடம். ஆனால் அதிலும் ஃபர்மின் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரமே போன் போட்டு, உங்களை எந்தக் குழுவில் போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். இங்கே இருக்கிற கம்பெனிகளின் ஸ்டேச்சுட்டரி ஆடிட்டா (சட்டப்படி கட்டாயமான தணிக்கை), இல்லை வெளிநாட்டு அலுவலகத்துக்காக இங்கே உட்கார்ந்து பேப்பர் தயாரிக்கிற வேலையா? மார்ச் 31 அன்று ஸ்டாக் எண்ண அனுப்புவார்களா? 'அதெல்லாம் இல்லை, கம்ப்யூட்டர் முன்னால்தான்' என்று பதில் வந்தால், அந்த 9 லட்சத்தை விட்டுவிட்டு ஓசூருக்கே பஸ் ஏறுங்கள். அங்கேயாவது குடோன் இருக்கும்.