கணவனுக்கு மனைவி கட்டிய மாளிகை

கேள்வி: மனைவிக்குக் கணவன் கட்டிய தாஜ்மகாலைத்தான் ஊரே கொண்டாடுகிறது. கணவனுக்காக எந்த மனைவியாவது அப்படி ஒன்று கட்டியதுண்டா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உண்டு. தாஜ்மகாலுக்கு அறுபது வருடம் மூத்தது. நம் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்கிற டெல்லி ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் சமாதி. அங்கே இறங்கியதும் ஆக்ராவுக்குக் கார் பேசுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஷேர்ஷாவிடம் நாட்டைப் பறிகொடுத்து, பதினைந்து வருடம் அலைந்து, டெல்லியைத் திரும்பப் பிடித்த ஆறே மாதத்தில், 1556-இல் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனவர் ஹுமாயூன். மூத்த மனைவி பேகா பேகம், ஹஜ் போனதால் ஹாஜி பேகம், இந்தச் சமாதியை எழுப்பினார். வரைபடம் போட்டவர் பாரசீகக் கட்டடக் கலைஞர் மீராக் மிர்சா கியாஸ். சில புத்தகங்கள் முழுப் பெருமையையும் ஹுமாயூனின் மகன் அக்பருக்கே எழுதிவிடுகின்றன. கஜானா அவருடையதுதான், சரி. பத்திரம் யார் பேரிலோ, வீடு கட்டியதும் அவர்தான் என்பது நம் வழக்கமாயிற்றே!

ஆனால் இதைக் காதல் சின்னம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்பா பாபர் காபூலில் திறந்த வானத்தின் கீழ் கிடக்கிறார். மகனின் சமாதிக்கோ 40 மீட்டருக்கு மேல் உயரம். ‘இனி எங்கள் வம்சம் இங்கேதான்’ என்று டெல்லிக்குச் சொன்ன சேதி அது. சுற்றிலும் வாய்க்கால்களால் நான்காகப் பிரிந்த தோட்டம். குர்ஆன் சொல்லும் சொர்க்கத்து ஆறுகளை நினைவூட்டுவது. நடுக்கூடத்தைச் சுற்றி எட்டு அறைகள். இந்த அமைப்புக்குப் பாரசீகத்தில் ‘எட்டுச் சொர்க்கம்’ என்றே பெயர். கூடத்தில் ஓர் எழுத்துகூட இல்லாத வெள்ளைப் பளிங்குக் கல். உடல் அதற்கும் கீழே, நிலவறையில். மெக்கா இருக்கும் மேற்குப் பக்கத்து ஜன்னலில் மட்டும், மசூதியின் தொழுகை மாடத்து வடிவத்தைப் பளிங்குச் சல்லடையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். வசனம் எதுவும் பொறிக்கவில்லை. வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. எனக்கு அந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

குவிமாடம் ஒன்றல்ல, இரண்டு. வெளியே இருப்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு. உள்ளே தாழ்வாக இருப்பது கூடத்தில் நிற்பவர்களுக்கு. இல்லாவிட்டால் அண்ணாந்து பார்க்கும்போது கிணற்றுக்குள் நிற்பது போலிருக்கும். தாஜ்மகாலிலும் இதே உத்திதான். அப்புறம், வளைவுகளின் மேல் அறுகோண நட்சத்திரம் பார்த்தால் திகைக்க வேண்டாம். முருகனின் சட்கோணத்தைத் தெரிந்த நமக்கு அது புதிதா என்ன?

இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவை ஔரங்கசீப் 1659-இல் கொன்றபின் புதைத்ததும் இங்கேதான். பெயர் பொறிக்காததால் எது அவருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாஜி பேகமும் கணவருக்குப் பக்கத்து அறை ஒன்றில்தான் இருக்கிறார். டிக்கெட்டில் கணவர் பேர்தான்.