எழுத்து இடுக்கில் வெள்ளைக் கறை: தனி லிக்விட் தேவையா?

கேள்வி: என் கருநீல காருக்கு வாட்டர் வாஷ் கடையில் வாக்ஸ் பாலிஷ் போட்டேன். இப்போது பின்கதவில் இருக்கும் பெயர் எழுத்துகளின் இடுக்கிலும், கதவோரக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டியிலும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறது. கடையில் கேட்டால், அதற்குத் தனி லிக்விட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பாலிஷில் இருக்கும் ஈரம் ஆவியாகிவிட, அதிலுள்ள மெழுகும் நைசான தேய்ப்புப் பொடியும் இடுக்கில் தங்கிவிடுகின்றன. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

வண்டியை நிழலில் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கலந்து, அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஈரத்துணியை ஒட்டி வையுங்கள். ஊறியதும் குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷால் எழுத்தின் ஓரமாகவே மெல்ல ஓட்டுங்கள். ‘அ’வின் சுழி மாதிரி வளைவுகள் இருந்தால் பழைய பெயின்டிங் பிரஷின் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் உள்ளே போகும். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். வராத இடத்துக்கு மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, பட்ஸில் தொட்டுத் துடைத்து, உடனே தண்ணீரால் அலசிவிடுங்கள்.

ஊசி, பிளேடு, பெட்ரோல், தின்னர் எதையும் தயவுசெய்து கிட்டே கொண்டுவராதீர்கள். பளபளக்கும் அந்த எழுத்துகள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், மேலே மெல்லிய குரோம் பூச்சு. பல கார்களில் இருபக்க டேப்பில்தான் ஒட்டியிருக்கிறார்கள். தின்னர் பட்டால் பசை இளகிவிடும். பிரஷர் தண்ணீரையும் நெருக்கமாக அடிக்க வேண்டாம்.

கறுப்புப் பட்டி கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மெழுகு பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பர் போதும்: பட்டி காய்ந்திருக்கும்போது, வெள்ளை ரப்பரால் லேசாகத் தேயுங்கள், மெழுகு துகளாக உருண்டு வரும். பட்டியைக் கறுப்பாக்கும் சிலிகான் திரவங்கள் வெள்ளையை மறைத்துத்தான் வைக்கும். நாலு மழையில் மறுபடி தெரியும். அதற்குக் காசு போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை பாலிஷ் போடும் முன் எழுத்துகளுக்கும் பட்டிக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். வேலை செய்பவரின் கடமை அது, கேட்கத் தயங்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் பின்கதவைக் குனிந்து பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்போது இறுகியிருக்காது, ஈர பிரஷுக்கே வந்துவிடும்.