மானாவாரிக் காட்டில் மரம் வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: விருதுநகர்ப் பக்கம் செஞ்சரளை நிலம். ஆடியில் நட்ட கன்றுகளில் பாதி காய்ந்துவிட்டன. ஏன்?

ஆடியில் குழி வெட்டலாம், நடக் கூடாது. உங்கள் பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகை மழைதான். குழிமண் அடிவரை நனைந்த பிறகு நட்டால், தை பிறப்பதற்குள் வேர் இறங்க இரண்டு மாதமாவது கிடைக்கும். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. அடிச்சரளை இறுகியிருந்தால் கடப்பாரையால் இன்னும் ஓர் அடி நெகிழ்த்துங்கள். மேல்மண்ணோடு 5 கிலோ தொழுவுரம், 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சை எரு கரையானுக்கு விருந்து.

கேள்வி: ஐந்தடிக் கன்றாக வாங்கினால் சீக்கிரம் வளருமா?

வளராது. காசும் தண்டம். இரண்டடிக் கன்று போதும். பை சிறிதாகவும் கன்று உயரமாகவும் இருந்தால் வேர் அடியில் சுருண்டு கிடக்கும். பையைக் கிழித்துப் பாருங்கள்: சும்மாடு மாதிரி வேர் சுற்றியிருந்தால், அடியில் ஒரு விரற்கடை அளவைப் பிளேடால் சீவிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு கீறல் போடுங்கள். அப்படியே நட்டால் குழிக்குள்ளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆளுயரம் வந்தபின் ஆடிக்காற்றில் சாயும்.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

தினமும் வேண்டாம். நாளுக்கு ஒரு செம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே மேயும். தை மாதத்திலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை 15 லிட்டர், ஒரே தடவையாக. முதல் இரண்டு கோடை தாண்டினால் கவலையில்லை. சருகு மூடாக்கு மூன்று அங்குலம் போடுங்கள்; தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி.

கேள்வி: கோவில்பட்டிக் கரிசல், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது.

வெடிப்பு வேரை அறுக்கும், அடி ஈரத்தையும் வெளியேற்றும். மாசியில் முதல் கீறல் தெரிந்ததுமே கன்றைச் சுற்றி இரண்டடிக்குக் கொத்தி, பொடிமண்ணால் மூடுங்கள். மழைக்காலத்தில் தொல்லை நேர்மாறானது: குழி தொட்டிபோலத் தண்ணீர் கட்டும். அரையடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். நாட்டுக்கருவேல், புங்கன் தேறும். மகாகனி விற்பவர் எவ்வளவு ஆசை காட்டினாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆட்டுக்கு என்ன செய்வது?

வேலிக்காத்தான் முள்ளைக் கன்றைச் சுற்றி அடையுங்கள். நிரந்தர வேலிக்குக் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு), ஓர் அடிக்கு ஒன்று. புங்கந்தழையை ஆடு அவ்வளவாகச் சீண்டாது, வேம்பை மொட்டையடித்துவிடும்.

கேள்வி: பனைவிதை போட்டு இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லையே?

முளைத்திருக்கும், கீழ்நோக்கி. பனை முதலில் மண்ணுக்குள் கிழங்கை இறக்கிவிட்டுத்தான் குருத்தை மேலே அனுப்பும். அதற்குப் பல மாதமாகும். தோண்டிப் பார்க்காதீர்கள், கிழங்கு ஒடிந்துவிடும்.