1794-ல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தபின்பும் அதன் ஆட்சியிலிருந்த மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் அது ஏன் நீடித்தது?

சட்டம் பாரிஸில் இருந்தது, அதிகாரம் தோட்ட முதலாளிகளிடம் இருந்தது. தீவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அடிமைகள். பெரும்பாலோர் மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், சிலர் இந்தியர். ஒழிப்பு ஆணையை நிறைவேற்ற 1796-ல் பாரிஸிலிருந்து வந்த அரசுப் பிரதிநிதிகள் பாக்கோ, பர்னெல் இருவரையும் குடியேறிகள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1802-ல் நெப்போலியன் அடிமைமுறைக்கே சட்ட ஒப்புதல் தந்தார்.

தீவில் அடிமைகளைக் கட்டுப்படுத்திய 1723-ம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் வெள்ளையர்–கறுப்பர் திருமணத்தைத் தடுத்தது. தப்பியோடி ஒரு மாதம் தலைமறைவான அடிமைக்குக் காதறுப்பும் தோளில் சூடும். இரண்டாம் முறை முழங்காலின் பின்நரம்பு வெட்டு. மூன்றாம் முறை மரணம்.

எல்லா இந்தியரும் அடிமைகள் அல்லர். புதுச்சேரியிலிருந்து கூலிக்கு வந்த தமிழ்க் கைவினைஞர்கள் சுதந்திரர். ஆனாலும் ‘மலபார் முகாம்’ (தமிழரை பிரெஞ்சுக்காரர்கள் ‘மலபார்’ என்றே அழைத்தார்கள்) என்ற தனிப்பகுதியில்தான் குடியிருப்பு. அவர்களில் வசதியானவர்கள் அடிமைகளை வைத்திருந்ததும் உண்டு, நாம் அதிகம் பேசாத விஷயம். அடிமைகளுக்கு விடுதலை, தீவு பிரிட்டிஷ் ஆட்சிக்கு மாறிய பின், 1835-ல்தான் வந்தது. இழப்பீடு உரிமையாளர்களுக்கு, அடிமைகளுக்கு அல்ல.