புளி முதல் ராஜ திராவகம் வரை: வாசகர் கேள்விகள்

பாத்திரம், ஆசிட், நகை என்று இந்த முறை உலோகத்தைச் சுற்றியே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. புளியில் இருப்பது ஆசிட் என்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறதா? – ஒரு வாசகி, கும்பகோணம்

கரைவது விளக்கு இல்லை, அதன் மேல் படிந்த கறுப்புதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதிலுள்ள செம்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஆக்சைடு படலமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சைடு என்பது உலோகத்தின் சேர்மம், உலோகமே அல்ல, இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். செம்பு ஆக்சைடு எந்தச் சாதாரண அமிலத்திலும் கரையும், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமே அதற்குப் போதும், உப்பாகவும் தண்ணீராகவும் மாறிக் கழுவும்போது போய்விடும். செம்பு உலோகத்தை அந்த அமிலத்தால் அப்படி நேரடியாகக் கரைக்க முடியாது. கூடவே கொஞ்சம் கல் உப்பு சேர்த்துத் தேய்ப்பார்களே, அதுவும் காரணத்தோடுதான். உப்பில் இருக்கும் குளோரைடு, கரைந்த செம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கறை வேகமாக விடும்.

ஆனால் புளியைப் பூசி ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள். துத்தநாகம் செம்பைப் போல இல்லை, அமிலத்துக்குச் சீக்கிரம் மசியும். அது மேற்பரப்பிலிருந்து கரைந்து போய் செம்பு மட்டும் மிஞ்சுவதால்தான் சில விளக்குகளில் அங்கங்கே ரோஸ் நிறத்தில் திட்டு விழுகிறது. தேய்த்தோமா, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசினோமா, துணியால் ஈரம் போகத் துடைத்தோமா என்று முடித்துவிட வேண்டும். வேலைப்பாட்டு இடுக்கில் புளி தங்கிவிட்டால் காற்றும் ஈரமும் சேர்ந்து அந்த இடத்தில்தான் முதலில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாமா? பூச்சு தேய்ந்துபோனால் என்ன ஆகும்? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பூச்சு நன்றாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டால் புளி, தயிர், எலுமிச்சை எதையும் அதில் வைக்க வேண்டாம். நான் முதலில் சொன்ன மாதிரி அமிலம் செம்பை நேரடியாகக் கரைக்காதுதான், ஆனால் காற்றும் சூடும் கூட இருக்கும்போது செம்பு ஆக்சைடாக மாற, அந்த ஆக்சைடு கரைய, குழம்பில் செம்பு ஏறிக்கொண்டே போகும். வாய் கசக்கும், வயிற்றைப் பிரட்டும்.

ஈயம் பூசுபவர் வேலை செய்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், வேதியியல் வகுப்பே அங்கே நடக்கிறது. துருத்தி ஊதிக் கரி நெருப்பில் பாத்திரத்தைச் சூடாக்குவார், உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் அழுத்தித் தேய்ப்பார், குப்பென்று வெள்ளைப் புகை எழும்பி மூக்கைத் துளைக்கும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அந்தச் சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது, இந்த ஹைட்ரஜன் குளோரைடுதான் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடை அரித்து எடுத்துவிடுகிறது. அப்புறம் ஈயக் குச்சியை வைத்ததும் அது உருகி ஓட, ஒரே இழுப்பில் பாத்திரம் முழுக்க வெள்ளி போலப் படரும். ஆக்சைடு மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு ஓடிவிடும்.

நான் கவலைப்படுவது வேறு ஒரு விஷயத்துக்கு. பூச வேண்டியது வெள்ளீயம், அதாவது டின். அதனோடு காரீயம், அதாவது லெட், கலந்தால் விலை குறையும், இன்னும் சுலபமாக உருகும். வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், இரண்டும் சரியான அளவில் கலந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். புளிப்பான குழம்பு காரீயத்தைக் கரைத்து உடம்புக்குள் அனுப்பும், அது எலும்பில் போய்த் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெள்ளீயக் குச்சியை நீங்களே நம்பிக்கையான பாத்திரக் கடையில் வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்லுங்கள். சுத்தமான வெள்ளீயத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும், காரீயம் அப்படிச் சத்தம் போடாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கைதான். கூடவே, அதை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் இல்லையென்றால் சொம்பே உருகிவிடும்.

செம்பு அமிலத்தோடு வினைபுரியாது என்று படித்தேன். ஆனால் லேபில் நைட்ரிக் ஆசிட்டில் செம்புத் துண்டைப் போட்டதும் செம்பழுப்புப் புகை வந்தது. எது சரி? – பிளஸ் டூ மாணவி, தருமபுரி

இரண்டும் சரி. துத்தநாகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வருகிறது, எரியும் குச்சியைக் காட்டினால் பட்டென்று வெடிக்கிறது. அங்கே துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளிடம் கொடுத்துவிட்டுக் கரைகிறது. எலக்ட்ரானைக் கொடுக்கும் வேகப்படி உலோகங்களை அடுக்கிய வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பது, ஹைட்ரஜன் அயனிகளால் அதனிடமிருந்து எலக்ட்ரானை வாங்க முடியாது. நைட்ரிக் அமிலத்தில் வாங்குவதற்கு இன்னொரு ஆள் இருக்கிறது, நைட்ரேட். அதற்கு எலக்ட்ரான் பிடிக்கும் வலு அதிகம் என்பதால் செம்பும் விட்டுக்கொடுத்துவிடும், வெள்ளியும் விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் ஹைட்ரஜன் வராமல், அடர் அமிலத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற அந்தச் செம்பழுப்புப் புகை வந்தது. அதைச் சுவாசித்துவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாமல் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். லேபில் வாயுவை வெளியே இழுத்துவிடும் புகைக்கூண்டு இருக்கும், இந்தச் சோதனையை அதற்கு வெளியே செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தெருவில் நகைக்கு பாலிஷ் போடுவதாக வந்தவர்கள் அம்மாவின் செயினை ஏதோ தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். பளபளப்பாகத்தான் இருந்தது. கடையில் எடை போட்டால் குறைந்திருக்கிறது. கண்ணெதிரிலேயே எப்படித் திருட முடியும்? – ஒரு வாசகர், சேலம்

அந்தத் தண்ணீருக்குள்தான் உங்கள் அம்மாவின் தங்கம் போயிருக்கிறது. படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

தங்கத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தனியாக ஒன்றும் செய்யாது, நைட்ரிக் அமிலமும் தனியாக ஒன்றும் செய்யாது. ஆசாரிகள் உரைகல்லில் நகையை உரசி, அந்தக் கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் வைத்துப் பார்ப்பதே இதை நம்பித்தான், செம்பும் வெள்ளியும் கரைந்து போகும், தங்கக் கோடு நிற்கும். ஆனால் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கையும் ஒரு பங்கு நைட்ரிக்கையும் கலந்தால் ராஜ திராவகம், அதில் தங்கம் கரைந்துவிடும். நைட்ரிக் அமிலம் தங்கத்திடமிருந்து மிகச் சிறிதளவுதான் எலக்ட்ரானைப் பிடுங்க முடியும், பிடுங்கிய அந்த நொடியிலேயே குளோரைடு வந்து தங்க அயனியைக் கவ்விக்கொண்டு கரைசலுக்குள் இழுத்துப் போகிறது, மறுபடி பிடுங்கல், மறுபடி கவ்வல். செயினின் மேல்தோல் முழுக்கச் சீராகக் கரைவதால் அழுக்கும் போய்ப் பளிச்சென்று தெரிகிறது, யாருக்கும் சந்தேகம் வராது. கரைந்த தங்கம் எங்கும் போய்விடவில்லை, அந்தத் திரவத்திலிருந்து அதை மறுபடி பிரித்தெடுத்துவிடலாம்.

இதே வேதியியலை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திய ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர்கள் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்களும் கோபன்ஹேகனில் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. 1940 ஏப்ரலில் நாஜிப் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெரிய குற்றம், பதக்கத்தில் பெயர் வேறு பொறித்திருக்கும். அங்கே வேலை பார்த்த ஹங்கேரி வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி இரண்டு பதக்கங்களையும் ராஜ திராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். வந்து தேடியவர்களுக்கு அது அலமாரியில் நின்ற ஏதோ ஒரு ரசாயனம். போர் முடிந்து அவர் திரும்பி வந்தபோதும் குப்பி அப்படியே இருந்தது, தங்கத்தைப் பிரித்தெடுத்து அனுப்பினார்கள், நோபல் அமைப்பு அதிலிருந்தே பதக்கங்களைப் புதிதாக வார்த்துக் கொடுத்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், கடையில் எடை போட்ட சீட்டையும் வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள். நகையைச் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவு போதும்.

குழாயில் பிடித்த வெள்ளை உப்புக் கறைக்கு பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். கறை போனது, கூடவே குழாயின் பளபளப்பும் போய்விட்டது. – ஒரு வாசகி, மதுரை

அந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எந்த அமிலம் பட்டாலும் கார்பன் டை ஆக்சைடு குமிழ் விட்டுக் கரையும், அதற்கு எலுமிச்சையோ வினிகரோ போதும். துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்துவிட்டுக் கழுவினால் வந்துவிடும். நீங்கள் ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது கறையைத் தின்றுவிட்டு அடியிலிருந்த குரோமியப் பூச்சையும் தின்றுவிட்டது. போன பூச்சு திரும்பாது. மொசைக், மார்பிள் தரையிலும் இருப்பது கால்சியம் கார்பனேட்தான் என்பதால் அங்கேயும் ஆசிட் ஆகாது. பாட்டிலை பாத்ரூமில் சரியாக மூடாமல் வைத்தாலே அதன் ஆவி பட்டுத் தாழ்ப்பாளும் வாளிக் கைப்பிடியும் துருப்பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறியதாக இருக்கும் பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். ஏற்கெனவே நெடி வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க உள்ளே நிற்காதீர்கள், முதலில் வெளியே வாருங்கள்.

அலுமினியப் பாத்திரத்தில் ஓட்டை விழுகிறது, எவர்சில்வரில் ஊறுகாய் வைத்தால் புள்ளி விழுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா? – ஒரு வாசகர், ஈரோடு

ஏறக்குறைய ஒன்றுதான். அலுமினியம் உண்மையில் அமிலத்தோடு வேகமாக வினைபுரியும் உலோகம், மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல்தான் அதைக் காப்பாற்றுகிறது. எவர்சில்வரை அதேபோல் குரோமியம் ஆக்சைடு தோல் காப்பாற்றுகிறது. உப்பு அந்தத் தோலில் அங்கங்கே துளை போடும், புளிப்பு அந்தத் துளை வழியாக உள்ளே இறங்கும். அலுமினியத்துக்கு இன்னொரு பலவீனம், அதன் தோல் அமிலத்தில் மட்டுமல்ல காரத்திலும் கரையும், சோடா போட்டுத் தேய்த்தால் கறுப்பது அதனால்தான். வத்தக்குழம்பைச் சமைத்த கையோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான் சரி, கண்ணாடி பாட்டிலானால் தகர மூடி வேண்டாம், உள்பக்கம் துருப்பிடித்து ஊறுகாயில் உதிரும்.